அவாங்-கார்ட் நாடகம்: 'சோதனை நாடகம்' போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

'அவாங்-கார்ட்' (avant-garde) நாடகத்துக்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் பேச்சில், 'சோதனை நாடகம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அது செய்முறையைக் குறிக்கும் சொல். அந்தப் பொருளில் அதற்குச் சென்னையில் வேரும் உண்டு: 1978இல் எழுத்தாளர் ஞாநி தொடங்கிய நாடகக் குழுவின் பெயரே 'பரீக்ஷா', அதாவது சோதனை. அவாங்-கார்ட் என்பது வேறு. யாருடைய ரசனையை எதிர்த்து நிற்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வது.

1896 டிசம்பரில் பாரிஸில் பிரெஞ்சு நாடகாசிரியர் ஆல்ஃபிரட் ஜாரியின் 'உபு ராஜா' நாடகம் அரங்கேறியது. முதல் சொல்லே ஓர் எழுத்தைக் கூட்டித் திரித்த வசை. அரங்கில் கூச்சல் எழுந்தது. ஒரு காட்சியில் நடிகர் ஒருவர் கையை நீட்டி நின்றார், அதுதான் சிறைக் கதவு. நம் தெருக்கூத்தில் இருவர் துணியைப் பிடித்தால் அது திரை. அதன் பின்னால் நின்று வேடக்காரர் பாடுவார். உத்தி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கூத்து ஊருக்குச் சொந்தம், ஜாரியோ ஊரின் ரசனையோடு மோதினார். 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு, சபா நாடகங்களை விட்டு விலகி அதே கூத்தை நாடியபோது, பழைய உத்திக்கே எதிர்நிலை வந்துவிட்டது. ஆகவே நமக்கு வேண்டிய சொல், உத்தியை அல்ல, நிற்கும் இடத்தைச் சுட்ட வேண்டும்.

பிரெஞ்சில் அவாங்-கார்ட் என்பது போர்க்களச் சொல்: படைக்கு முன்னே செல்லும் பிரிவு. 1825இலேயே பிரெஞ்சுச் சமூகச் சிந்தனையாளர் சேன்-சிமோனின் வட்டத்தினர் அதைக் கலைஞர்களுக்கு ஏற்றிச் சொன்னார்கள். நம்மிடமும் அந்தச் சொல் உண்டு. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்கிறது குறள் 767. அந்தத் தாருக்குத் 'தூசி', அதாவது முன்செல்லும் படை, என்று பொருள் கொண்டார் பரிமேலழகர். தூசிப்படை! எத்தனை அழகான சொல். ஆனால் இன்று சுவரொட்டியில் 'தூசி நாடகம்' என்று போட்டால் புழுதிதான் நினைவுக்கு வரும்; தார் என்றால் சாலை. மனமில்லாமல்தான் இரண்டையும் விடுகிறேன்.

'முன்னணி' சரிவராது. முன்னணி நடிகர் என்றால் புகழ் பெற்றவர், பொருளே தலைகீழாகிவிடும். 'முன்னோடி' என்பது பின்வந்தவர்கள் திரும்பிப் பார்த்துத் தரும் பட்டம்.

நான் முன்வைப்பது 'முன்படை நாடகம்'. 'ஜாரி முன்படை நாடகாசிரியர்.' 'எல்லாச் சோதனை நாடகங்களும் முன்படை நாடகங்கள் அல்ல.' இரண்டு வாக்கியங்களும் எனக்குத் தடையின்றி வருகின்றன. மேடையில் இயங்குகிறவர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.