ஏ.எல் செய்முறைகளைச் செய்யாமல் விட்டால் பிள்ளைக்கு நட்டமா?

உப்புவெளி அம்மா:
மகள் உயிரியல் பிரிவு, அடுத்த வருசம் ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எடுக்கிறாள். பாடசாலையில் ஆய்வுகூடம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. கேட்டால் அலகுகளை முடிக்கவே நேரம் போதவில்லை என்கிறார்கள். ரியூசனிலும் படத்தைக் காட்டி, முடிவை எழுதவைத்துவிட்டு சேர் அடுத்த அலகுக்குப் போய்விடுகிறார். செய்முறைக்கென்று தனிப் பரீட்சை இல்லைத்தானே, ஏன் கவலை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. இதற்காகப் பாடசாலைக்குப் போய்க் கதைக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

மூதூர் சேர்:
விடாதீர்கள் அக்கா. தனிப் பரீட்சை இல்லைதான், ஆனால் இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள், செய்முறையை அங்கேதான் கேட்கிறார்கள். நான் இரசாயனவியல் படிப்பிக்கிறேன், நியமிப்பையே சொல்கிறேன், அதாவது ஒரு கரைசலை இன்னொன்றோடு தாக்கவைத்து அதன் செறிவைக் கண்டுபிடிக்கும் செய்முறை. அளவியையும் (பியூரெட்) குழாயியையும் (பிப்பெட்) அந்தந்தக் கரைசலால் அலச வேண்டும், நியமிப்புக் குடுவையை மட்டும் காய்ச்சி வடித்த நீரால். பாடமாக்கிய பிள்ளை சோதனை மண்டபத்தில் இதை மாற்றி எழுதிவிடும். ஒருதரம் கையால் செய்த பிள்ளைக்கு, குடுவையின் சுவரில் கரைசல் ஒட்டியிருந்தால் குழாயியால் அளந்துவிட்ட 25.00 மில்லிலீற்றருக்கு மேலாகவும் கொஞ்சம் உள்ளே போய்விடுகிறது என்பது தானாகவே புரியும். பினோத்தலீன் என்ற நிறங்காட்டியைப் போட்டு அமிலத்துக்குக் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, ஒரு சொட்டில் மெல்லிய இளஞ்சிவப்பு வந்து நிற்கும், அவசரப்பட்டு இன்னும் ரெண்டு மூன்று சொட்டு விட்டால் கடும் நிறமாகிவிடும், வாசிப்பும் பிழைத்துவிடும். குழாயியின் நுனியில் மிஞ்சும் சொட்டை ஊதித் தள்ளக்கூடாது என்பதும் அப்படித்தான், செய்தால்தான் மறக்காது.

கம்பஸ் தம்பி:
சேர் சொல்வது சரி, ஆனால் எல்லாச் செய்முறையையும் செய்துதான் ஆக வேண்டும் என்று பிள்ளையை அலைக்கழிக்காதீர்கள் அக்கா. முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வுக்கு 2 மணித்தியாலம்தான், அந்த வேகத்துக்குக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்துதான் பழக வேண்டும். பௌதிகவியலில் வேணியர் இடுக்கி, நுண்மானித் திருகுக் கணிச்சி, நகரும் நுணுக்குக்காட்டி மூன்றையும் கையாண்டு, முதல் இரண்டிலும் பூச்சிய வழுவை (அளக்க முன்னமே கருவி காட்டும் பிழையை) பார்த்து வாசித்துப் பழகினாலே பாதிப் பயம் போய்விடும். உயிரியலில் ஒளி நுணுக்குக்காட்டி கட்டாயம். வெட்டுமுக வழுக்கியை (கண்ணாடித் துண்டில் வைத்த மெல்லிய வெட்டை) நேரே பார்த்தவளுக்குப் படம் வரைவது பெரிய வேலையில்லை. மற்றவற்றைத் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலில் வாசித்துச் சமாளிக்கலாம்.

குச்சவெளி:
இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரசாயனவியலில் கைத்தொழில் அலகில் ரூட்டைல் என்ற கனிமத்தில் இருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டு எடுப்பது வருகிறது, எங்கட பிள்ளைகள் அதை ஏதோ வெளிநாட்டுச் சங்கதி மாதிரிப் பாடமாக்குகிறார்கள். எங்கட திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில்தானே இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கன் எல்லாம் இருக்கின்றன! வலிமையான காந்தத்தால் இல்மனைற்றைப் பிரிக்கலாம், ரூட்டைல் அதில் இழுபடாது. ரூட்டைல் மின்னைக் கடத்தும், சேர்க்கன் கடத்தாது, அதனால் அவை இரண்டையும் மின்னேற்றத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். ரூட்டைலைக் குளோரினோடு தாக்கவைத்து நாற்குளோரைட்டாக்கி, பிறகு ஒட்சியேற்றும் படிமுறை அதற்குப் பிறகுதான். அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்த பிள்ளைக்குச் சமன்பாடு எழுத என்ன கஷ்டம்? ஒரு பஸ் பிடித்துக் கூட்டிப்போகக்கூட யாருக்கும் தோன்றுவதில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

உப்புவெளி அம்மா:
நன்றி எல்லாருக்கும். தனியாகப் போய்க் கேட்டால் மகளைப் பார்வை வைத்துவிடுவார்களோ என்றுதான் பயம்.

மூதூர் சேர்:
தனியாகப் போக வேண்டாம். அதே வகுப்புப் பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து அதிபருக்குக் கடிதம் கொடுங்கள். செய்முறைகள் எவையெவை என்று ஆசிரியர் வழிகாட்டியிலேயே இருக்கிறது, அதைப் பார்த்து எழுதினால் மறுக்க முடியாது. நேரம் இல்லை என்றால் சனிக்கிழமை காலை கேளுங்கள், இரசாயனப் பொருள் இல்லை என்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். நியமிப்பையும் நுணுக்குக்காட்டியையும் முதலில் கேளுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.