புதுப்பிப்பு: மசாலா சேர்த்த சைசன் பியர், மற்றப் போத்தல்

கொத்தமல்லியும் தோடம்பழத் தோலும் சேர்த்து, பெல்ஜியத்துப் பண்ணைவீட்டு முறையில் வடித்த சைசன் பியரை அத்தான் கொண்டுவந்ததையும், முதற் போத்தலில் மிளகுக் காரம் தெரிந்ததையும் முன்பு இங்கு எழுதியிருந்தேன். மிளகும் போட்டிருப்பார்களோ என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சுட்டுத்துண்டில் மிளகு இல்லை. அந்தக் காரம் ஈஸ்டின் வேலை: சைசன் ஈஸ்ட் 30 பாகை செல்சியசை அண்டிய சூட்டிலும் நொதித்து, மோல்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) சீனியை அநேகமாக முழுவதும் தின்று, மிளகையும் கராம்பையும் ஒத்த, பீனோல் எனும் சேர்மங்களின் வாசனையை விட்டுச்செல்கிறது. பெல்ஜியத்தின் தென்பகுதியான வலோனியாவின் பெயர்பெற்ற சைசன் டூபோன் பியரிலும் (6.5 சதவீத மதுசாரம்) இதே குணம் உண்டு.

மற்றப் போத்தலைக் கல்லடியில் வீட்டு விறாந்தையில் திறந்தோம். அடிமண்டி கலங்காமல் ஊற்றிய முதல் கிளாஸ் வைக்கோல் நிறத்தில், தடித்த வெண்ணுரையுடன், நாவில் இனிப்பே தங்காமல் வறண்டு முடிந்தது. மண்டியுடன் ஊற்றியது சற்றுக் கனதி, பாண் வாசனை. நம் கறித்தூளில் வறுபடும் கொத்தமல்லியின் மணம் இதில் இல்லை, பச்சை விதையின் எலுமிச்சை வாடைதான். ஆனால் நமது வெக்கையில் கிளாஸ் விரைவாகச் சூடேற, அந்த வாடை சவர்க்காரத்தை நினைவூட்டத் தொடங்கியது. கொத்தமல்லி கூடிவிட்டது என்பதே என் தீர்ப்பு. பொரித்த இறாலுடன் இக்குறை ஓரளவு மறைந்தது (அத்தான் இதை ஒத்துக்கொள்ளவில்லை). அடுத்த முறை மசாலா சேர்க்காத சைசனையே கேட்பேன்.