சொல்லி வைத்துச் செய்த கத்தி: வாங்கியவர்களின் அனுபவங்கள்

கத்தி செய்து தரச் சொல்லி ஒருவரிடம் முதன்முறை பேசியபோது நான் கேட்டவை மூன்று. அலகில் அலை அலையாகக் கோடு ஓட வேண்டும். எவ்வளவு கடினமாக முடியுமோ அவ்வளவு கடினமாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எதுமேல வெச்சு நறுக்குவீங்க?" என்றார்.

பலகை மேல்தான் என்றேன். மரமா, பிளாஸ்டிக்கா, கண்ணாடியா? வலது கையா, இடது கையா? பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் எங்கே போகும்? வீட்டில் வேறு யார் எடுப்பார்கள்? கழுவியதும் துடைத்து வைப்பீர்களா, இல்லை தொட்டியிலேயே கிடக்குமா? உண்மையைச் சொல்லச் சொன்னார். கிடக்கும் என்றேன். அதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

பேச்சு முடிவதற்குள் என் மூன்று ஆசைகளும் ஆட்டம் கண்டுவிட்டன. எஃகின் கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்கிறார்கள். எங்கேயோ படித்துவிட்டு 66 வேண்டும் என்று கேட்டிருந்தேன். "அவ்வளவு போனா வெட்டுற வாய் லேசுல மழுங்காது, ஆனா கெட்டியா ஏதாவது பட்டா தெறிச்சிடும். உங்க புழக்கத்துக்கு 60, 61 போதும்" என்றார். கனத்தையும் விட்டுவிடச் சொன்னார். வெட்டுவது எடை அல்லவாம், வாய்க்குப் பின்னால் அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதுதானாம். தடித்த அலகு நறுக்காது, ஆப்பு மாதிரி பிளக்கும். கேரட்டை நறுக்கும்போது பாதி இறங்கியதும் 'டக்'கென்று விரிந்து உடைகிறதே, அது தடிமன் செய்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் பழைய கத்தியை எடுத்து ஒரு கேரட்டை நறுக்கிப் பார்த்தேன். டக்.

அலைக்கோட்டுக்கு அவர் வைத்த கணக்கு வேறு. இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் காய்ச்சி ஒன்றாக ஒட்டி, மடித்து மடித்து அடிக்கிறார்கள். ஒன்றில் நிக்கல் சேர்ந்திருக்கும். முடிந்த அலகை ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கினால் நிக்கல் உள்ள அடுக்கு பளிச்சென்று நிற்கும், மற்றது கறுத்துப்போகும். பார்க்க அழகு, ஆனால் அதனால் கூடுதலாக ஒன்றும் வெட்டாது. "காசு கண்ணுக்குப் போகணுமா, வாய்க்குப் போகணுமா, நீங்களே சொல்லுங்க" என்றார். வாய்க்கு என்றேன். தொட்டியில் கிடக்கும் என்று ஒத்துக்கொண்டதால் ஸ்டெயின்லெஸ் வகை ஒன்றைச் சொன்னார். சவர பிளேடுக்கென்று உருவான ரகம், அதில் குரோமியம் 13 சதவீதம்.

அப்புறம் காத்திருப்பு. நடுவில் என் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பச் சொன்னார். சில வாரம் கழித்து மரத்தில் அறுத்த ஒரு மாதிரி வந்தது. கத்தி உருவம், வாய் கிடையாது. நாலு நாள் அதைச் சமையலறையில் வைத்துக்கொண்டு வெறும் பலகையில் நறுக்கினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள்தான் சுண்டு விரல் பிடிக்கு வெளியே தொங்குவது தெரிந்தது. சொன்னேன். பிடி கொஞ்சம் நீண்டது.

கத்தி வந்த அன்று வாயைச் சோதிக்கக் காகிதத்தைக் கிழிக்கவில்லை. சாணை பிடிக்கத் தெரிந்த யாரும் அதைச் செய்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினேன். மரப்பிடியும் இரும்பும் சேருமிடத்தில் நகம் எங்கும் இடறவில்லை. ஆள்காட்டி விரல் அழுந்துகிற இடத்தில் முதுகின் இரண்டு ஓரத்தையும் உருட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருந்தார். அதற்கு அப்பால் விரல் படாத இடத்தில் ஓரம் அப்படியே கூர்மையாக இருந்தது. முதுகின் தடிமன் பிடிப்பக்கம் இரண்டரை மில்லிமீட்டர். முனைக்கு வர வர மெலிந்து ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. இதில் எதுவும் படத்தில் தெரியாது.

ஒரு பிடி ஆணியைச் சுற்றி மயிரிழை அளவு இடைவெளி இருந்தது. 'கைவேலை என்றால் அப்படி இப்படித்தான்' என்று விட்டுவிடும் ஆள் இல்லை நான். சொன்னேன். அனுப்பச் சொல்லி, சரிசெய்து தந்தார்.

*

மேலே உள்ளவரிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட என்னிடம் யாரும் கேட்கவில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

நான் படத்தைப் பார்த்து வாங்கினேன். அலகு முழுக்க மேகம் கலைந்தாற்போல் கோடுகள். என்ன எஃகு என்று கேட்டதற்கு 'டமாஸ்கஸ்' என்று மட்டும் பதில் வந்தது, அலைக்கோடு ஓடும் அடுக்கு எஃகுக்கு அதுதான் பேர். எந்த இரண்டு எஃகைச் சேர்த்தது, கடினப்படுத்தியது யார், எத்தனை ராக்வெல் என்று கேட்டிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். முதல்முறை கல்லில் தீட்டியபோது கல் பட்ட இடத்தில் கோடு போய்விட்டது. அசல் அடுக்கு எஃகிலும் தேய்த்தால் கோடு மங்கும் என்பதால் முதலில் நான் சந்தேகப்படவில்லை. கத்தி வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். ஓர் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, அமிலக் கரைசல் ஒரு சொட்டு வைத்துக் காத்திருந்தார். அசல் என்றால் கோடு திரும்ப எழும்பி வர வேண்டும், ஏனென்றால் அது எஃகின் உள்ளே வரை ஓடுகிறது. எங்கள் சொட்டுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்தான் வந்தது. மேலே பதித்த வெறும் படம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். முனைப்பக்கம் ஒரு விரற்கடை அளவுக்கு வாய் நிற்கவே இல்லை. காலையில் தீட்டினால் மாலையில் மழுங்கியிருக்கும். கடினப்படுத்திய பிறகு சக்கரத்தில் தேய்க்கும்போது சூடேற விட்டிருக்கிறார்கள் என்றார் அந்த நண்பர். முனை மெல்லியது என்பதால் அங்கேதான் சட்டென்று சூடேறும். ஏறத்தாழ 300 டிகிரியில் எஃகின் மேல் நீலம் பாயும், இந்த மாதிரி எஃகில் கடினமும் அதோடு இறங்கிவிடும். நீலத்தைத் தேய்த்து அழித்துவிடலாம், போன கடினம் வராது. விற்றவரிடம் கேட்டேன். சரியாகப் பயன்படுத்தத் தெரியவில்லை என்றார். அந்தக் கத்தி இப்போது அட்டைப்பெட்டி பிரிக்கிறது.

*

வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை பட்டறையில் நின்று பார்த்துவிடுங்கள். நான் பார்த்தேன், இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

0.84 சதவீதம் கரி சேர்ந்த சாதாரண எஃகு. உலையில் சிவந்துகொண்டிருந்த அலகை அடிக்கடி வெளியே எடுத்துக் காந்தத்தில் தொட்டார். ஒட்டியது, உள்ளே வைத்தார். மறுபடி ஒட்டியது. ஒரு கட்டத்தில் காந்தம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 770 டிகிரி தாண்டினால் இரும்பு காந்தத்துக்குப் பிடிகொடுக்காது. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம், 815 டிகிரி வாக்கில் போக விட்டு, வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக இறக்கினார். அந்தச் சில விநாடி பட்டறையில் யாரும் பேசவில்லை. வெளியே எடுத்து, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் கோணல் பார்த்தார். பிறகு அரத்தை வைத்து இழுத்தார். கண்ணாடி மேல் இழுத்தது போல அரம் வழுக்கிக்கொண்டு போனது. "இப்ப கீழ விழுந்தா கண்ணாடி மாதிரி உடையும், பாத்து" என்றார். அதனால்தான் உடனே 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். வெளியே வரும்போது அலகில் வைக்கோல் நிறம் ஏறியிருந்தது. பழைய ஆட்கள் தோய்ச்சல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிற வேலை இதுதான். வாய் எத்தனை நாள் நிற்கும் என்பதை முடிவு செய்வதில் பாதி பங்கு இதற்கு.

அமெரிக்க பிளேட்ஸ்மித் சொசைட்டி என்று 1976 முதல் ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்கள் கொல்லருக்கு வைக்கும் தேர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். அடுத்து மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அதே வாய் கையிலுள்ள முடியை மழிக்க வேண்டும். கடைசியாகக் கத்தியை இடுக்கியில் மாட்டி 90 டிகிரி வளைப்பார்கள், உடையக் கூடாது. மாஸ்டர் நிலைக்கு இதே தேர்வை 300 அடுக்குக்குக் குறையாத அடுக்கு எஃகில் செய்ய வேண்டும். வேடிக்கை என்னவென்றால், தேறிய கத்தி அதோடு சரி, வளைந்த இரும்பு.

*

என் பங்குக்கு ஒரு சின்ன அசட்டுத்தனம். கரி எஃகுக் கத்தி, கூடவே அழகான தோல் உறை. நல்ல பொருள் நல்ல உறையில்தானே இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் உள்ளேயே வைத்திருந்தேன். உருவினால் அலகெங்கும் செம்புள்ளி. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதப்படுத்தும் மருந்தும் அதில் இருக்கும். உறை எடுத்துப் போவதற்கு மட்டும்தான் என்று செய்தவர் சீட்டிலேயே எழுதியிருக்கிறார், நான்தான் படிக்கவில்லை. இப்போது எண்ணெய் தடவி வெளியே வைக்கிறேன். புளிப்பான காய் பட்டுப் பட்டு அலகு நீலச் சாம்பலாகிவிட்டது. அது துரு இல்லை, அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். சிவப்புதான் எதிரி.

*

முதலில் எழுதியவன்தான். ஒன்று விட்டுப்போயிற்று. ஒரு வருடம் கழித்துக் கத்தியைச் சாணைக்கு அவரிடமே அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. "பிடியை ஒட்டின குதிகால் பக்கம் தேயவே இல்ல, நடுவுல மட்டும் தேஞ்சிருக்கு. முனையை ஊன்றி நறுக்குறீங்க போல" என்றார். ஆமாம் என்றேன். "அது பரவாயில்ல. நடுவுல நாலு இடத்துல வாய் மடங்கியிருக்கே, யாரோ கண்ணாடித் தட்டுல வெச்சு நறுக்கியிருக்காங்க."

வீட்டில் விசாரித்தேன். மூன்று பேருமே கூரையைப் பார்த்தார்கள்.