கப்பல் வடிவ மேசை ஆர்கேட் பெட்டி ஆடும்போது முன்பக்கம் சாய்கிறது: வடிவத்தை இழக்காமல் நிலைநிறுத்த வழி வேண்டும்

கேள்வி

வணக்கம். மேசை மேல் வைத்து ஆடக்கூடிய சிறிய ஆர்கேட் (வீடியோ விளையாட்டு) பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறேன். நின்டெண்டோ 1982இல் வெளியிட்ட, கார்ட்டூன் மாலுமி பாப்பாயின் ஆட்டத்தின் மீது எனக்கும் என் பிள்ளைகளுக்கும் மிகுந்த விருப்பம் உண்டு என்பதால், பெட்டியையும் அந்தக் கார்ட்டூன் உலகத்தின் தோற்றத்திலேயே அமைக்க விரும்பினேன். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கப்பலின் முன்முனை தெரிய வேண்டும். அதற்காக இரு பக்கப் பலகைகளையும் கீழே குறுகலாகவும் மேலே போகப்போக முன்னோக்கி விரிவதாகவும் வெட்டியிருக்கிறேன். உச்சியில் புடைத்த பாய் போன்ற ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது.

பலகை 12 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்தது). உள்ளே பழைய 17 அங்குல எல்.சி.டி. திரை, ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி, ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பொத்தான்கள் இருக்கின்றன. பெட்டியின் அகலம் 420 மி.மீ., உயரம் 520 மி.மீ., அடிப்பலகையின் ஆழம் 220 மி.மீ. முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் 10 மி.மீ. உள்ளே தள்ளிப் பிளாஸ்டிக் பாதங்களைப் பொருத்தியிருக்கிறேன். கட்டுப்பாட்டுப் பலகை முன்பாதங்களைத் தாண்டி 90 மி.மீ. நீண்டு நிற்கிறது.

யாரும் தொடாதபோது பெட்டி அசையாமல் நிற்கிறது. ஆனால் உள்ளங்கையைக் கட்டுப்பாட்டுப் பலகையின் விளிம்பில் ஊன்றியபடி ஜாய்ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தால் பின்பாதங்கள் மேசையை விட்டு எழும்புகின்றன. இடமும் வலமும் வேகமாக அசைத்தால் பெட்டி மேசை மேல் வழுக்குகிறது, திரையும் லேசாக நடுங்குகிறது. பின்புறம் ஒரு செங்கல்லை வைத்துவிட்டால் போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது சரியான தீர்வுதானா? கப்பல் வடிவத்தைக் கைவிட எனக்கு மனமில்லை.

பதில் 1

வணக்கம் ஐயா. செங்கல்லைத் தேடுவதற்கு முன்னால் எடையின் மையம் எங்கே விழுகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். அதற்கு ஓர் எடை காட்டும் கருவி போதும். முன்பாதங்கள் இரண்டையும் கருவியின் மீது வையுங்கள். பின்பாதங்களைக் கருவியின் உயரத்திற்குச் சமமான கட்டையின் மீது வைத்து, பெட்டி மட்டமாக நிற்கும்போது கருவி காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழுப் பெட்டியையும் நிறுத்துப் பாருங்கள். இந்த இரண்டு எண்களையும் எழுதினால் கணக்கிட்டுச் சொல்கிறேன்.

கேட்டவர்

உடனே பதிலளித்ததற்கு மிக்க நன்றி. மொத்த எடை 8 கிலோ. முன்பாதங்களின் மீது மட்டும் 4.8 கிலோ விழுகிறது.

பதில் 1

அப்படியானால் பின்பாதங்கள் தாங்குவது 3.2 கிலோ மட்டுமே. உங்கள் முன்பாதத்திற்கும் பின்பாதத்திற்கும் இடையே 200 மி.மீ. இருப்பதால், 3.2ஐ 8ஆல் வகுத்து 200ஆல் பெருக்கினால் 80 கிடைக்கிறது. அதாவது எடையின் மையம் முன்பாதங்களுக்குப் பின்னால் 80 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. முன்னோக்கி விரியும் பக்கப் பலகைகளும், நிமிர்ந்து நிற்கும் திரையும், பாய் வடிவப் பெயர்ப்பலகையும் சேர்ந்து மையத்தை முன்னால் இழுத்து வந்திருக்கின்றன.

பெட்டி கவிழாமல் தன்னைப் பிடித்துக்கொள்ளும் திறன் 8 கிலோவை 80 மி.மீ. தூரத்தால் பெருக்கியது, அதாவது 640. இதை எதிர்த்து நிற்பவை இரண்டு. உள்ளங்கை 6 கிலோ அளவுக்கு விளிம்பை அழுத்துகிறது என்று கொண்டால், முன்பாதத்திலிருந்து விளிம்பு 90 மி.மீ. தள்ளியிருப்பதால் 540 சேர்கிறது. ஜாய்ஸ்டிக்கின் உருண்டை மேசையிலிருந்து ஏறத்தாழ 200 மி.மீ. உயரத்தில் இருக்கும் என்பதால், 2 கிலோ விசையுடன் தன் பக்கம் இழுத்தாலே மேலும் 400 சேர்கிறது. கூட்டினால் 940. ஆகவே பின்பாதங்கள் எழும்புவதில் வியப்பில்லை.

இப்போது செங்கல்லைப் பார்ப்போம். 4 கிலோ எடையைப் பின்பாதங்களுக்கு நேர்மேலே வைத்தால் 800 கூடி மொத்தம் 1440 ஆகும், பெட்டி கவிழாது. ஆனால் கைக்குக் கீழே பாதம் இல்லை என்ற அடிப்படைக் குறை அப்படியே இருக்கும். ஒரு பெரியவர் எழுந்திருக்கும்போது பலகையில் 15 கிலோ அளவுக்குக் கையை ஊன்றினால் அதுமட்டுமே 1350 ஆகிவிடும். மாறாக, முன்பாதங்களை 80 மி.மீ. முன்னே கொண்டுவந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விளிம்பு பாதத்தைத் தாண்டுவது 10 மி.மீ. மட்டுமே. எடையின் மையமோ பாதத்திலிருந்து 160 மி.மீ. பின்னே போய்விடுகிறது. தாங்கும் திறன் 1280. அதே கையும் அதே இழுப்பும் சேர்ந்து உண்டாக்குவது 60உம் 400உம், மொத்தம் 460தான். ஒரு கிராம் எடையைக்கூடக் கூட்டாமல் கிடைக்கும் பலன் இது. கை எங்கே ஊன்றப்படுகிறதோ அதன் கீழே பாதம் இருக்க வேண்டும் என்பதை எந்த வடிவத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வழுக்குவதற்குக் காரணம் பிளாஸ்டிக் பாதங்கள். அவற்றைக் கழற்றிவிட்டு மென்மையான ரப்பர் பாதங்களைத் திருகால் பொருத்துங்கள். பசை மட்டும் போட்டால் பக்கவாட்டு இழுப்பில் நாளடைவில் பெயர்ந்துவிடும்.

பதில் 2

மேலே உள்ள கணக்கு முன்பக்கச் சாய்வுக்கு முழுமையானது. ஆனால் பிள்ளைகள் ஆடும் பெட்டி என்பதால், பின்பக்கம் கவிழ்வதையும் கணக்கிட்டே தீர வேண்டும் என்று கருதுகிறேன். வண்ணமயமான பாய் ஒன்று உச்சியில் இருந்தால் சிறு பிள்ளைகள் அதைத்தான் முதலில் தொட்டுத் தள்ளுவார்கள்.

முன்பாதங்களை 80 மி.மீ. முன்னே நகர்த்திய பிறகும் எடையின் மையத்திற்கும் பின்பாதத்திற்கும் இடையே 120 மி.மீ.தான் இருக்கிறது. அதை 8 கிலோவால் பெருக்கினால் 960. பெட்டியின் உயரம் 520 மி.மீ. என்பதால், உச்சியில் ஏறத்தாழ 1.85 கிலோ விசையுடன் தள்ளினாலே பெட்டி பின்னால் சாயத் தொடங்கும். ஒரு குழந்தையின் கைக்கு இது பெரிய விசை அன்று. ரப்பர் பாதம் போட்ட பிறகு பெட்டி வழுக்கியும் தப்பிக்காது. பாதம் பற்றிக்கொள்ளும், பெட்டி கவிழும்.

எனவே பின்பாதங்களையும் 40 மி.மீ. பின்னே தள்ளுங்கள். அப்போது பாதங்களுக்கு இடையே 320 மி.மீ. இருக்கும், எடையின் மையம் சரியாக நடுவில் விழும். முடிந்தால் பாயின் உயரத்தைக் குறைத்து மொத்த உயரத்தை 460 மி.மீ. ஆக்குங்கள். இவற்றால் மட்டுமே தாங்கும் விசை 2.8 கிலோ வரை உயர்கிறது. இதற்குமேல் எடை சேர்க்க விரும்பினால் அதைப் பின்புறம் வைக்காமல் அடிப்பலகையின் நடுவில் வையுங்கள். கிரானைட் கடைகளில் கிடைக்கும் வெட்டுத் துண்டு இதற்கு மிகப் பொருத்தமானது. 200 மி.மீ. சதுரத்தில் 18 மி.மீ. கனமுள்ள துண்டு கிட்டத்தட்ட 2 கிலோ இருக்கும். அதைச் சிலிக்கோன் பசையால் ஒட்டி, இரு பக்கமும் சிறு கட்டைகளை அடித்துவிட்டால் நகராது. உச்சியில் தாங்கும் விசை அப்போது 3.5 கிலோவை எட்டும்.

திரை நடுங்குவதன் காரணம் வேறு. பக்கப் பலகைகள் இரண்டும் இணைகரம்போல் சாய்ந்து நிமிர்கின்றன. பின்புறம் திறந்தே இருக்கிறதா? இருந்தால் முழுப் பின்பலகை ஒன்றை நாற்புறமும் திருகுங்கள். காற்றோட்டத்திற்குக் கீழே ஒரு வரிசையும் மேலே ஒரு வரிசையும் துளைகள் போதும். உள்மூலைகளில் 20 மி.மீ. ரீப்பர் கட்டைகளை மரப்பசையுடன் வைத்து, திருகுகளைப் பலகையின் முகப்பிலிருந்து கட்டைக்குள் செலுத்துங்கள். எம்.டி.எஃப். பலகையின் விளிம்பில் முன்துளை இல்லாமல் திருகை ஏற்றினால் அது அடுக்கடுக்காகப் பிளந்துவிடும். திரையை அதன் உறையிலிருந்து பிரிக்க வேண்டாம். உள்ளே மின்சாரம் தேங்கும் பாகங்கள் உண்டு. உறையின் பின்புறம் 100 மி.மீ. அல்லது 75 மி.மீ. இடைவெளியில் நான்கு எம்4 (4 மி.மீ. விட்டமுள்ள) திருகுத் துளைகள் பெரும்பாலும் இருக்கும். குறுக்கே ஒரு வலுவான பலகையை இட்டு அதில் பிணையுங்கள்.

பதில் 3

மரவேலையைப் பற்றி இருவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தோற்றத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கப்பலைச் சுமையைத் தாங்கும் பலகையிலேயே வெட்டாதீர்கள். கீழே அகன்று மேலே குறுகும் எளிய பெட்டியை முதலில் செய்து, அதன் வெளிப்புறத்தில் 3 மி.மீ. ப்ளைவுட்டில் வெட்டிய கப்பல் உருவத்தைப் பொருத்துங்கள். 12 மி.மீ. எம்.டி.எஃப். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ இருக்கும், 3 மி.மீ. ப்ளைவுட் 2 கிலோ அளவில்தான் இருக்கும். முன்முனை எவ்வளவு முன்னே நீண்டாலும் எடையின் மையம் அதிகம் நகராது. கார்ட்டூன் என்பது கோட்டால் ஆன கலை. அதன் மிகையான வளைவுகளுக்குக் கனமான பலகை தேவையே இல்லை. முன்னே நீளும் அடிப்பலகையும் உறுத்தலாகத் தெரிய வேண்டியதில்லை. அதன் முன்விளிம்பை அலை வடிவில் வெட்டி நீல வண்ணம் பூசினால், கப்பல் கடல்மீது நிற்பதாகத் தோன்றும். நிலைத்தன்மைக்காகச் சேர்த்த பகுதியே படத்தின் ஒரு பகுதியாகிவிடும்.

வண்ணங்களில் நிழலும் மினுக்கமும் வேண்டாம். தட்டையான நான்கைந்து வண்ணங்களும், எல்லா உருவங்களையும் சுற்றி ஒரே தடிமனில் கருங்கோடும் போதும். பலகை விளிம்புகளில் கறுப்பு எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டினால் பெட்டியே மையால் வரைந்ததுபோல் தெரியும். எம்.டி.எஃப். விளிம்பு வண்ணத்தை உறிஞ்சும் என்பதால், வெளியே தெரியும் இடங்களில் பிரைமரை இருமுறை பூசித் தேய்த்த பின்பே வண்ணம் பூசுங்கள்.

திரையை 20 பாகை அளவுக்குப் பின்னோக்கிச் சாய்க்கவும். மேசைப் பெட்டியின் திரை நம் கண்ணுக்குக் கீழே இருப்பதால், பழைய எல்.சி.டி. திரையை மேலிருந்து பார்க்கும்போது வண்ணங்கள் வெளிறும்; சாய்த்தால் பார்வை நேராக விழும், எடையும் சிறிது பின்னே போகும். அந்த ஆட்டத்தின் படம் 4:3 அளவிலானது, உங்கள் திரை பெரும்பாலும் 5:4 ஆக இருக்கும். மேலும் கீழும் சுமார் 8 மி.மீ. கறுப்புப் பட்டை விழும் என்பதைக் கணக்கில் கொண்டு சட்டத்தை வெட்டினால் பட்டை மறைந்துவிடும்.

இன்னொன்று: பாப்பாய் நான்கு திசை ஜாய்ஸ்டிக்குக்காக உருவான ஆட்டம், குத்துவதற்கு ஒரே பொத்தான்தான். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஏணி ஏறும்போது மூலைவாட்டத்தில் சிக்கிக்கொள்ளும், ஆடுபவரும் தம்மையறியாமல் வலுவாக இழுப்பார். பல ஜாய்ஸ்டிக்குகளில் அடியிலுள்ள தடுப்புத் தட்டைத் திருப்பிப் பொருத்தினால் நான்கு திசைக்கு மாறும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பக்கப் பலகைகளை நேராக வெட்டி, 350 மி.மீ. ஆழமுள்ள புதிய அடிப்பலகையில் பாதங்களை 320 மி.மீ. இடைவெளியில் பொருத்தி, திரையைச் சாய்த்து, பின்பலகையையும் திருகிவிட்டேன். திரை நடுங்குவது முற்றிலும் நின்றுவிட்டது. முன்பாதங்களின் மீது இப்போது ஏறத்தாழ பாதி எடைதான் விழுகிறது. கிரானைட் துண்டை இனிமேல்தான் வாங்க வேண்டும். ஒரு சிறு ஐயம்: 3 மி.மீ. கப்பல் உருவத்தை ஒட்டிவிடலாமா, அல்லது கழற்றும்படி வைக்க வேண்டுமா?

பதில் 3

கழற்றும்படியே வையுங்கள். பெட்டியின் பக்கத்தில் உட்புறமிருந்து நான்கு சிறு திருகுகளைச் செலுத்தி, கப்பல் உருவத்தின் பின்னால் ஒட்டிய கட்டைகளில் அவை பிடிக்கும்படி செய்தால் வெளியே திருகின் தலை தெரியாது. வண்ணம் உரிந்தாலோ முனை உடைந்தாலோ அந்தத் தகட்டை மட்டும் எடுத்துச் சரிசெய்யலாம். முன்முனையைக் கூராக விடாமல் 15 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிடுங்கள், அது பிள்ளைகளின் முக உயரத்தில் இருக்கும்.