ராம் ஏருக்காக ஃபில்டரை விட்டுவிடலாமா? உங்கள் அனுபவம் என்ன?

ஆர்வி-7 (சொந்தமாகக் கட்டும் கிட் விமானம்), ஐஓ-360 இன்ஜின், மத்திய டெக்சாஸ்

கராஜில் விமானம் கட்டுகிற நம் ஆட்கள் பலரும் கேட்கிற கேள்வி: பறக்கும் வேகத்தில் முகப்பில் மோதும் காற்றை (அதுதான் ராம் ஏர்) ஃபில்டர் வழியாக விடாமல் நேராக இன்ஜினுக்குள் விட்டால் எவ்வளவு பவர் கூடும்? ஃபில்டரைச் சுற்றிப் போக ஒரு பைபாஸ் கதவு வைத்துத்தான் என் ஏர்பாக்ஸை, அதாவது இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் பெட்டியை, கட்டினேன். அளந்து பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

முதலில், அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிய வேண்டும். 8,000 அடியில் மணிக்கு 200 மைல் வேகத்தில், முகப்பில் மோதும் காற்றைத் துளியும் வீணாக்காமல் பிடித்தாலும் கூடுதல் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 1.1 அங்குலம்தான். அங்கே வெளி அழுத்தமே 22.2 அங்குலம். ஆக, எல்லாம் கைகூடினால் 5 சதவீதப் பவர். வேகத்தில் அது மணிக்கு 3 மைல் சொச்சம்தான். ஃபில்டர் தின்பது இதில் ஒரு சிறு பங்கு.

சோதிப்பது சுலபம். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் முன், மேனிஃபோல்ட் பிரஷர் மீட்டர் (த்ராட்டிலைத் தாண்டி இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) வெளி அழுத்தத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் அழுத்த அளவை 29.92 அங்குலத்தில் வைத்து, 8,000 அடியில் த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஒரே மட்டத்தில் பறந்து பாருங்கள். மீட்டர் 22.2 காட்டினால், வழியில் ஃபில்டரும் குழாயும் த்ராட்டிலும் விழுங்கியதை ராம் ஏர் ஈடுகட்டிவிட்டது என்று அர்த்தம்.

என் விமானத்தில் அந்த அளவு வரவில்லை. பைபாஸைத் திறந்தால் ஏறியது 0.2 அங்குலம் மட்டும். மீதி எங்கே போகிறது என்று கௌலிங்கை (இன்ஜினை மூடும் கூட்டை) கழற்றிப் பார்த்தேன். ஏர்பாக்ஸ் இன்ஜினோடு சேர்ந்து ஆடும், காற்றுப் பிடிக்கும் ஸ்கூப் கௌலிங்கோடு அசையாமல் நிற்கும். இரண்டையும் சேர்க்கிற ரப்பர் சீல் ஒரு மூலையில் மடிந்து கிடந்தது. அந்த இடத்தில் ஃபைபர்கிளாஸ் உரசி உரசிக் கறுத்துப் பளபளத்தது. ஸ்கூப் பிடித்த காற்று அந்தச் சந்து வழியாகக் கௌலிங்குக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. புது சீலைக் கொஞ்சம் அகலமாக வெட்டிப் போட்டதும் அரை அங்குலம் திரும்பி வந்தது, ஃபில்டரைத் தொடாமலேயே. பைபாஸ் கதவை அன்றைக்கே நிரந்தரமாக அடைத்துவிட்டேன்.

ஆர்வி-6, ஓ-320, புளோரிடா

அண்ணா, 0.2 அங்குலத்துக்காகப் புளோரிடாவில் யாரும் ஃபில்டரை விடக் கூடாது. இங்கே மே மாதமும் செப்டம்பரிலும் லவ்பக் பூச்சி கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். அந்த சீசனில் இறங்கியதும் ஸ்கூப்புக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது என் பழக்கம். ஃபில்டரின் மடிப்புகளில் கறுப்பு இறக்கைகளும் சிவப்பு முதுகுகளும் அப்பிக் கிடக்கும். ஃபில்டர் இல்லையென்றால் அத்தனையும் கார்புரேட்டர் வழியாக உள்ளே போயிருக்கும்.

பூச்சியைவிட மோசம் மணல். எங்கள் புல் ஓடுதளத்தில் புல்லுக்கு அடியில் முழுக்க மணல்தான். பக்கத்து ஹேங்கர்காரர் ஃபில்டர் போடாமல் பறந்தார். ஆயில் பரிசோதனையில் முதலில் சிலிக்கான் ஏறியது. அடுத்த ரிப்போர்ட்டில் இரும்பும் குரோமியமும் ஏறின. சிலிக்கான் என்பது உள்ளே போன மண், மற்ற இரண்டும் அந்த மண் அரைத்தெடுத்த சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும். கடைசியில் கம்ப்ரெஷன் இறங்கி, சிலிண்டர்களைக் கழற்ற வேண்டியதாயிற்று. பாவம், நல்ல இன்ஜின்.

மூனி எம்20எஃப், அரிசோனா

என்னுடையது ஃபாக்டரியில் செய்த விமானம், ஆனாலும் விஷயம் ஒன்றுதான். மூனியில் ராம் ஏருக்கென்றே ஒரு நாப் உண்டு. தூசியில்லாத உயரத்தில் அதை இழுத்தால் மேனிஃபோல்ட் பிரஷர் பாதரச அளவில் ஓர் அங்குலத்துக்கும் குறைவாகத்தான் ஏறும். இறங்குமுன் மறக்காமல் மூட வேண்டும். நான் கவனித்தது இன்னொன்று: அந்தக் கதவின் சீல் காய்ந்து சுருங்கினால், மூடி வைத்திருந்தாலும் தூசி உள்ளே போகும். பைபாஸ் வைத்துக் கட்டுகிறவர்கள் அந்த சீலையும் வருஷா வருஷம் பாருங்கள்.

சொந்த டிசைன் ஏர்பாக்ஸ், ஓ-360, விஸ்கான்சின்

இன்டேக் வாயை எவ்வளவு பெரிதாக வைப்பது என்று யாரும் சொல்லவில்லையே. 361 கன அங்குல இன்ஜின் 2,700 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 280 கன அடி காற்று குடிக்கும். 200 மைல் வேகத்தில் அதற்கு 2.3 சதுர அங்குல வாய் போதும். 100 மைல் வேகத்தில் மேலே ஏறும்போது அதுபோல இரண்டு மடங்கு வேண்டும். ஏறும் வேகத்துக்குக் கணக்குப் போட்டு, விளிம்பை நன்றாக உருட்டிவிட்டேன். வாய்க்குப் பின்னால் குழாய் மெதுவாக விரிந்து பெரிய ஃபில்டரில் முடிகிறது. விரியும்போது காற்று வேகம் இழந்து அழுத்தமாக மாறும். அகலமான ஃபில்டரை நிதானமாகக் கடக்கும் காற்றுக்கு இழப்பும் குறைவு.

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் துளை போட்டு, வளைத்த பிளாஸ்டிக் குழாயில் கலர் தண்ணீர் ஊற்றி காக்பிட்டில் வைத்து அளந்தேன். பாதரசத்தில் 0.2 அங்குலம் என்பது தண்ணீரில் 2.7 அங்குலம், கண்ணாலேயே படிக்கலாம்.

ஆனால் எங்கள் குளிரில் ஒன்று கட்டாயம்: ஆல்டர்னேட் ஏர் கதவு. ஈரப் பனி ஃபில்டரை மளமளவென்று மூடிவிடும். அப்போது கௌலிங்கின் வெதுவெதுப்பான காற்றை ஃபில்டருக்குப் பின்னால் உள்ளே விட ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். ராம் ஏர் போனால் போகட்டும், இன்ஜின் ஓடும்.

ஆர்வி-7, மத்திய டெக்சாஸ்

தம்பி, அந்தக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிற எந்த ஸ்க்ரூ, ரிவெட், வாஷர் கழன்றாலும் தடுக்க எதுவும் இல்லை, நேராக இன்ஜினுக்குள்தான். என் ஆல்டர்னேட் ஏர் கதவின் கீலில் ஒரு ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புப் பொடி வளையமாகப் படிந்திருந்தது. தளர்ந்த ரிவெட் ஆடித் தேய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதை எடுத்துவிட்டு, லாக்நட் வைத்து போல்ட் போட்டேன். நீங்கள் கதவைப் பொருத்தும்போதே கீலுக்கு போல்ட்டும் லாக்நட்டும் போட்டுவிடுங்கள், ஸ்க்ரூ தலைகளுக்கு சேஃப்டி வயரும் கட்டுங்கள். ஏர்பாக்ஸை மாட்டிய பிறகு அங்கே கை போகாது.