டோட்டோரோ படத்துக் குளியல் காட்சி: தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திரையிடலாமா?

பீடோர் வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோருக்கு அருகில் உள்ள எங்கள் செம்பனைத் தோட்டத்துச் சமூக மண்டபமான பாலாய் ராயாவில், பள்ளி விடுமுறையின்போது பிள்ளைகளுக்குப் படம் காட்டுவது வழக்கம். இம்முறை ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாக்கி 1988இல் இயக்கிய டோட்டோரோ என்னும் கார்ட்டூன் படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் முன்னோட்டத்தைப் பெற்றோரின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்ந்தேன். படத்தை முன்பே பார்த்திருந்த ஒரு தாயார், தந்தையும் இரண்டு மகள்களும் ஒன்றாகக் குளிக்கும் காட்சி அதில் இருப்பதைக் குறிப்பிட்டு, இதைப் பொம்மைப்படம் என்று நம்பிப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்டார். அன்று மாலைக்குள் ஜப்பானியக் கார்ட்டூன் எல்லாமே ஆபாசம் என்ற அளவுக்குப் பேச்சு வளர்ந்துவிட்டது.

குழுவில் ஒரு தம்பி, "அது அவர்கள் பண்பாடு, நாம் குறை சொல்லக்கூடாது" என்று எழுதினார். அந்தப் பதிலும் எனக்கு நிறைவளிக்கவில்லை. இக்கால ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் சிலவற்றில் பெண்ணுடலைக் காட்டும் விதத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதையும் பண்பாடு என்று சொல்லித் தாண்டிப்போக மனம் ஒப்பவில்லை. இவை இரண்டையும் ஜப்பானியர்கள் ஒன்றாகத்தான் கருதுகிறார்களா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கிழக்கே படித்தவன்

வாசகி அவர்களுக்கு வணக்கம். மலேசிய அரசு 1982இல் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையின் கீழ் ஜப்பானுக்குப் படிக்கப் போன மலேசிய மாணவர்களில் நானும் ஒருவன். எனவே குளியலைப் பற்றி மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும்.

அங்கே தொட்டியில் இறங்குவது அழுக்குப் போக்குவதற்காக அன்று. தொட்டிக்கு வெளியே, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு முக்காலியில் அமர்ந்து, சோப்புப் போட்டு, தலைமுதல் கால்வரை தேய்த்துக் கழுவி முடித்த பிறகுதான் வெந்நீரில் இறங்குவார்கள். அதே நீரில் வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராகவோ, சிறு பிள்ளைகள் என்றால் பெற்றோருடன் சேர்ந்தோ அமர்வார்கள். ஆகவே அந்த நீரில் ஒரு துளி சோப்பு நுரை விழுந்தாலும் முகம் சுளிப்பார்கள். சூடு ஆறாமல் இருக்கத் தொட்டிக்கு மூடி போட்டு வைப்பதும் உண்டு. வேலையிலிருந்து பிந்தி வரும் தந்தைக்குப் பிள்ளைகளோடு பேசக் கிடைக்கும் நேரம் பல வீடுகளில் அதுதான்.

வீட்டில் குளியலறை இல்லாதவர்கள் பொதுக் குளியலகத்துக்குப் போனார்கள். 1960களின் பிற்பகுதியில் நாடு முழுவதும் ஏறத்தாழ 18,000 பொதுக் குளியலகங்கள் இருந்தன. இன்று அவை 2,000க்கும் குறைவு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. உள்ளே போனால் உடையோடு நீரில் இறங்குவதுதான் அநாகரிகம். நம் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றில் டீ-சட்டையும் கால்சட்டையுமாக இறங்குகிறோம் அல்லவா, அப்படி அங்கே இறங்கினால் உடனே வெளியே வரச் சொல்லிவிடுவார்கள். முதல் தடவை நான் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். என்னை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பது சற்று நேரம் கழித்தே எனக்குப் புரிந்தது.

டோட்டோரோவின் கதை 1950களின் சிற்றூரில் நடக்கிறது. தாய் மருத்துவமனையில் இருக்கிறாள், புதிதாகக் குடிவந்த பழைய வீட்டைக் காற்று உலுக்குகிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள், தந்தை குளியல் தொட்டியில் உரக்கச் சிரிக்க, அவர்களும் சேர்ந்து சிரித்துப் பயத்தை விரட்டுகிறார்கள். அந்தக் காலத்து ஜப்பானியக் குடும்பம் இரவில் எங்கே ஒன்றுகூடுமோ அங்கே அந்தக் காட்சியை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை

சகோதரர் சொன்னது சரி. ஆனால் ஜப்பானியர் காலங்காலமாக உடலைப் பற்றிக் கூச்சமே இல்லாமல் இருந்தார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1854இல் அமெரிக்கக் கப்பற்படைத் தளபதி மேத்யூ பெரியின் குழு ஷிமோடா துறைமுகத்தில் ஆணும் பெண்ணும் ஒரே குளியலகத்தில் குளிப்பதைக் கண்டு திகைத்து, அதைத் தன் பயண அறிக்கையிலும் பதிவு செய்தது. வெளிநாட்டார் தங்களை நாகரிகம் அற்றவர்கள் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கவலை, பின்னர் ஆட்சிக்கு வந்த மெய்ஜி பேரரசரின் அரசுக்கு நீங்கவே இல்லை. 1872இல் தோக்கியோவில் கொண்டுவரப்பட்ட விதிகள், தெருவில் அரைகுறை உடையோடு நடப்பதையும் ஆண்பெண் கலந்து குளிப்பதையும் தண்டனைக்குரியவை ஆக்கின. 1901இல் பாரிசில் பயின்ற ஓவியர் குரோடா செய்க்கியின் ஆடையற்ற பெண்ணுருவ ஓவியம் கண்காட்சிக்கு வந்தபோது, காவல்துறையின் உத்தரவால் அதன் கீழ்ப்பாதியைத் துணியால் மூடினார்கள். எந்த மேல்நாட்டாருக்காகக் குளியலகத்தில் சுவர் எழுப்பினார்களோ, அதே மேல்நாட்டார் அருங்காட்சியகத்தில் மாட்டிவைக்கும் வகை ஓவியத்துக்கும் துணி சுற்றவேண்டி வந்த வேடிக்கையை என்னென்பது!

நம் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். நான் வளர்ந்த தோட்டத்தில் லயத்துக்குப் பொதுவாக ஒரே குழாயடிதான். பால்மரம் வெட்டிவிட்டு வரும் பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி அங்கேயே குளிப்பார்கள்; ஆண்கள் அந்த வழியாக வரநேர்ந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அரைஞாண் கயிற்றில் வெள்ளி அரைமூடி மட்டும் தொங்கத் தவழும் குழந்தையின் படம் கூடத்தில் மாட்டாத வீடு அன்று குறைவு. அதே பெண் ஈரப்பாவாடையோடு கடைத்தெருவுக்கு வந்திருந்தால் தோட்டமே பேசியிருக்கும். இடம் அறிந்த கூச்சம் நமக்கும் இருந்தது, அவர்களுக்கும் இருந்தது. எந்த இடம் என்பதில்தான் வேறுபாடு.

நள்ளிரவு அனிமே

அந்தப் புலனக் குழுவில் எழுதிய தம்பி நானில்லை, ஆனால் நானும் அப்படிப் பேசியவன்தான். வாசகி அக்கா சுட்டிய இரண்டாவது வகையை, அதாவது பெண்ணுடலைக் காட்டும் தொடர்களைப் பற்றி, நிறைய அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் பெரும்பகுதி வியாபாரம்.

பல தொடர்கள் அங்கே நள்ளிரவுக்குப் பிறகுதான் ஒளிபரப்பாகின்றன. குளியல் காட்சி வந்தால் திரையில் வேண்டிய இடத்தில் மட்டும் வெண்ணிற ஆவி திரண்டு நிற்கும். இல்லையென்றால் எங்கிருந்தோ ஓர் ஒளிக்கீற்று குறுக்கே பாயும். சில மாதம் கழித்து விற்பனைக்கு வரும் புளூரே வட்டில் அந்த ஆவி காணாமல் போயிருக்கும். ரசிகர்கள் காசு கொடுத்து வாங்குவதற்கு அதுவே ஒரு காரணம் என்பது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மறைத்துக் காட்டி, பிறகு விலக்கி விற்கும் இந்த முறைக்கும், தொட்டியில் அமர்ந்து சிரிக்கும் ஒரு குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் இருக்கிறது?

ஜப்பானியப் பெற்றோரும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1968இல் ஒரு சிறுவர் வார இதழில் படக்கதை ஓவியர் கோ நாகாய் தொடங்கிய, ஆபாசம் கலந்த பள்ளிக்கூட நகைச்சுவைத் தொடருக்கு எதிராகப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. 1992 முதல் ஒளிபரப்பாகும் ஷின்சானில் அந்தப் பையன் கால்சட்டையை இறக்கிவிட்டு ஆடுவதை நாம் சிரித்துப் பார்க்கிறோம். ஜப்பானில் பெற்றோர் "பிள்ளைகள் பார்க்க வேண்டாம்" என்று சொல்லும் நிகழ்ச்சிகளின் பட்டியலில் அது பலமுறை முன்னணி இடங்களில் வந்தது. இந்தியா 2008இல் தடையே விதித்தது. ஜப்பானில் ஆபாசப் பொருள்களைத் தடுக்கும் 175ஆம் பிரிவு, 1907ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் இருந்தே நடப்பில் உள்ளது.

ஒன்றை மட்டும் பூசிமெழுகாமல் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைப் போன்ற உருவங்களைக் காமக் கண்ணோடு வரைவதை நான் எந்தப் பண்பாட்டின் பெயராலும் ஏற்கமாட்டேன். ஜப்பானில் குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருப்பதே குற்றம் என்று 2014இல் சட்டம் திருத்தப்பட்டபோது, மங்கா எனப்படும் படக்கதைகளும் அனிமேயும் அதில் சேர்க்கப்படவில்லை. அது சரியா என்ற வாதம் அந்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

குழுவில் கேள்வி கேட்ட தாய்

வாசகி இந்த இழையை எனக்கு அனுப்பிவைத்தார். படம் ஆபாசம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். உன் உடலை யாரும் பார்க்கவோ தொடவோ விடாதே என்று என் மகளுக்கு இப்போதுதான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அப்பாவோடு குளிப்பது அங்கே இயல்பு என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு இருட்டு மண்டபத்தில் யார் விளக்குவார்கள்? பாலாய் ராயாவுக்கு மலாய்ப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் வீட்டாரிடமும் கேட்பதுதான் முறை.

கிழக்கே படித்தவன்

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. ஜப்பானிலும் அது எழுந்துள்ளது. பொதுக் குளியலகத்தில் ஏறத்தாழ பத்து வயதுவரை பிள்ளைகள் எதிர்ப்பாலார் பகுதிக்குள் வரலாம் என்றிருந்த வழிகாட்டுதலை அந்நாட்டுச் சுகாதார அமைச்சு 2020இல் ஏழு வயது என்று குறைத்தது. பிள்ளைகளே எந்த வயதில் வெட்கப்படத் தொடங்குகிறார்கள் என்று கேட்டறிந்துதான் அந்த முடிவுக்கு வந்தார்கள். 1950களின் வீட்டைக் காட்டும் படம், இன்றைய வீட்டுக்கு விதி சொல்வதாகாது.

பீடோர் வாசகி

அனைவருக்கும் நன்றி. அந்தக் காட்சியில் என்ன வருகிறது என்பதை மறைக்காமல் தமிழிலும் மலாயிலும் எழுதி, பெற்றோர் எல்லாருக்கும் முன்கூட்டியே அனுப்பப் போகிறேன். வேண்டாம் என்பவர்கள் பிள்ளைகளைப் பிற்பகல் விளையாட்டுக்கு மட்டும் அனுப்பலாம். காட்சியை வெட்டச் சொல்லி ஒருவர் கேட்டார், அதற்கு எனக்கு உடன்பாடில்லை. வெட்டினால் அந்த இடத்தில் என்னமோ இருந்தது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். அடுத்த முறை ஷின்சான் போடுங்கள் என்று இப்போதே சிலர் நச்சரிக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நள்ளிரவுத் தம்பியிடமே ஒப்படைக்கிறேன்.