ஃப்ரண்ட் லோட் டிரம்: துணி விழுந்தாதான் அழுக்கு போகும். கழட்டிப் பார்த்தவங்க எழுதுங்க

செந்தூல் ஸ்பேனர்

கடையில ஃப்ரண்ட் லோட், அதாவது முன்பக்கம் கதவு வச்ச வாஷிங் மெஷின் கேட்டா, கதவைத் திறந்து டிரம்முக்குள்ள டார்ச் அடிச்சு வைரம், தேன்கூடு, அலைன்னு காட்டுறாங்க. பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா அழுக்கை எடுக்குறது அந்தக் கோலம் இல்ல. துணி மேல ஏறி, தண்ணியில தொப்புன்னு விழுற அடிதான் எடுக்குது. துவைக்கிற கல்லுல அடிச்ச வேலையைத்தான் டிரம்மும் செய்யுது.

வாஷ் ஓடும்போது டிரம் நிமிஷத்துக்கு 40லேர்ந்து 50 சுத்து சுத்தும். உள் விட்டம் 50 செ.மீ. இருக்குற டிரம்ல வேகம் 60 சுத்தை எட்டினா, சுவரோரம் இருக்குற துணி சுவரோடயே ஒட்டிக்கிட்டுச் சுத்தும், விழாது. ரொம்ப மெதுவா சுத்தினா மேல ஏறாம அடியிலேயே சறுக்கிக்கிட்டுக் கிடக்கும். நடு வேகத்துலதான் கடிகாரத்துல 10, 11 மணி இருக்குற இடம் வரைக்கும் ஏறி அங்கேர்ந்து விழும். விட்டம் 60 செ.மீ. ஆனா ஒட்டுற வேகம் 55 சுத்துக்கு இறங்கிடும். அதனால பெரிய டிரம்மை இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட்டணும். ஆனா விழுற உயரம் கூடும், அடி பலமா விழும்.

கணக்கு ஒண்ணு பாருங்க. விட்டம் 50, ஆழம் 32 செ.மீ.ன்னா 63 லிட்டர். விட்டம் 47, ஆழம் 36 செ.மீ.ன்னாலும் கிட்டத்தட்ட அதே 63 லிட்டர்தான். ஸ்டிக்கர்ல ரெண்டும் 8 கிலோ. நான் முதல் டிரம்மைத்தான் எடுப்பேன்.

ஹென்கெல் கம்பெனியில வேலை பார்த்த ஹெர்பெர்ட் சின்னர் 1959ல சொன்ன விதி இன்னைக்கும் மாறல. சோப்பு, அடி, சூடு, நேரம் இந்த நாலுல ஒண்ணைக் குறைச்சா மத்ததுல ஈடு கட்டணும். கேஎல்ல (கோலாலம்பூர்ல) பெரும்பாலும் குழாய்த் தண்ணியிலேயே துவைக்கிறோம், அது 28 டிகிரி பக்கம் இருக்கும். சூட்டைக் கைவிட்டாச்சு. 15 நிமிஷ குவிக் வாஷ் போட்டு நேரத்தையும் கைவிட்டா, மிச்சம் டிரம்மோட அடிதான். இங்க டிரம் சரியில்லன்னா அது துணியில சீக்கிரமே தெரிஞ்சிடும்.

பிரிக்பீல்ட்ஸ் டோபி

ஸ்பேனர் அண்ணன் சொன்னதுல நேரா கைக்கு வர்றது லோடு. டிரம்மை நிரப்பிட்டா விழுறதுக்கு இடம் ஏது? எல்லாம் ஒரே மூட்டையா உருளும். நடுவுல இருக்குற துணியைத் தொட்டுப் பார்த்தா சோப்புத் தூள் அப்படியே ஒட்டியிருக்கும்.

8 கிலோங்கிறது முழு காட்டன் புரோகிராமுக்குச் சொன்ன அளவு. சிந்தெட்டிக்குக்கு அதுல பாதி, கம்பளிக்கு 2 கிலோ. டோபி கடைக்கு வர்ற துணியைத் தராசுல வச்சா ஏறக்குறைய இப்படி வரும்: ஜீன்ஸ் 700 கிராம், குளியல் துண்டு 500, குவீன் சைஸ் பெட்ஷீட் 700, ஆம்பிளை சட்டை 220, பள்ளிக்கூடச் சட்டை 150. தராசு இல்லாத வீட்டுல, துணி போட்டதும் மேல ஒரு சாண் இடைவெளி இருக்கணும், கையைச் செங்குத்தா நுழைக்க வரணும். ரொம்பக் குறைஞ்சாலும் வம்புதான். ஒரே ஒரு துண்டைப் போட்டா அது ஒரு பக்கமா ஒதுங்கி பேலன்ஸ் போகும், மெஷின் ஸ்பின்னுக்கே போகாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கும்.

அடுத்து வேட்டி, சேலை. எட்டு முழ வேட்டி கிட்டத்தட்ட 3.6 மீட்டர், சேலை 5.5 மீட்டர். டிரம் ஒரே பக்கமா சுத்தினா ரெண்டும் கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு, உள்ள ரெண்டு சட்டையையும் சேர்த்துக் கட்டிப்போட்டுடும். டிரம் நின்னு எதிர்த்திசையில சுத்துறது அந்த முறுக்கைப் பிரிக்கத்தான். மடிச்சு உருட்டிப் போடாதீங்க. நுனியைப் பிடிச்சுத் தளர்வா விட்டு, அடுக்கடுக்கா இறக்குங்க. ஒரு லோடுக்கு ரெண்டு வேட்டிக்கு மேல வேண்டாம். காட்டன் சேலையைப் பெரிய வலைப்பையில போடலாம், ஆனா பை பாதிக்கு மேல நிரம்பினா உள்ள துணி அசையாது, அழுக்கும் போகாது. பட்டு இந்த மெஷின் பக்கமே வரக்கூடாது.

தைப்பூசம் முடிஞ்ச வாரம் மஞ்சள் துணி மூட்டை மூட்டையா வரும். சோப்புல போட்டதும் மஞ்சள் கறை செவக்கும், பயப்பட வேண்டாம். சோப்போட காரம் மஞ்சள்ல பட்டா அப்படித்தான். அதை எந்த டிரம்மும் எடுக்காது. வெயில்ல போடுங்க, வெளிறிடும்.

பட்டர்வொர்த் பேரிங்

டிரம் ஓட்டைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் தொடங்குகிறேன்.

ஓட்டைக்கு இரண்டு வேலை. துவைக்கும்போது சோப்புத் தண்ணீர் உள்ளே வந்து போக வேண்டும். ஸ்பின்னில் அழுக்குத் தண்ணீர் வெளியேற வேண்டும். 1200 சுற்றில், 50 செ.மீ. டிரம்மின் சுவரில் இருக்கும் துணி தன் எடையைப் போல 400 மடங்கு விசையோடு அழுத்தப்படுகிறது. 1400 என்றால் 550 மடங்கு. அந்த அழுத்தத்தில் மெல்லிய துணி ஓட்டைக்குள் பிதுங்கி நிற்கும். ஸ்பின் முடிந்து துணியை எடுத்தால் சின்னச் சின்னப் புள்ளி மேடுகள் தெரிவது இதனால்தான். மீலே கம்பெனி 2001இல் தேன்கூடு டிரம்மைக் கொண்டுவந்தது. அதில் ஓட்டைகள் சிறியவை, எண்ணிக்கையும் குறைவு, நடுவே அறுகோண மேடுகள். துணியின் நூல் தேயாமல் காப்பதுதான் அதன் நோக்கம். வைர வடிவக் குழிகளும் அதே வழிதான். ஆக, கோலம் துணியின் ஆயுளுக்கு. வெளுப்புக்கு அது தரும் பங்கு கொஞ்சம்தான்.

பாஷ் கம்பெனியின் டிரம் வேறு வகை. நீர்த்துளி வடிவ மேடுகள், துணியைத் தூக்கும் துடுப்பும் ஒரு பக்கம் சரிவாக, மறுபக்கம் செங்குத்தாக இருக்கும். ஒரு திசையில் சுற்றினால் துணி மெல்ல வழுக்கும், மறு திசையில் தூக்கிப் போடும். இதில் வடிவம் நேராகத் துவைப்பில் கை வைக்கிறது. அதனால் இதை மதிக்கிறேன்.

துணியில் நூல் இழுபட்டால் சோப்பைத் திட்டுவதற்கு முன் டிரம்மைப் பாருங்கள். ஊக்கு, ஹேர்பின், பிராவின் உள்கம்பி ஓட்டையில் நுழைந்து சுற்றும்போது விளிம்பு பிசிறாகிவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டி உள்சுவர் முழுக்கத் தடவுங்கள். மாட்டுகிற இடத்தில் மார்க்கர் வையுங்கள். 400 நம்பர் தண்ணீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து அந்த இடத்தில் மட்டும் தேய்க்கவும், பிறகு 800. கம்பிநார் வேண்டாம், அதிலிருந்து உதிரும் இரும்பு ஸ்டெயின்லெஸ்ஸில் ஒட்டித் துருப்புள்ளி வைக்கும்.

கெப்போங் கொண்டோ

ஒரு கேள்வி. நுரை நல்லா வந்தாதானே அழுக்கு போகும்? கண்ணாடி முழுக்க நுரை இருந்தும் காலர்ல அழுக்கு அப்படியே இருக்கே, டிரம்தான் காரணமா?

ஆயர் ஈத்தாம் அக்கா

டிரம் இல்ல தம்பி, நுரைதான் காரணம். துணி விழுந்தா அடி படணும்னு மேல எழுதியிருக்காங்க இல்லையா? நுரை மெத்தை மாதிரி. மெத்தை மேல விழுந்தா அடி எங்க படும்?

நம்ம ஊருத் தண்ணி, பினாங்கு ஆனாலும் கேஎல் ஆனாலும், பெரும்பாலும் ஆத்துத் தண்ணி, அணைத் தண்ணி. சுண்ணாம்பு குறைவு. சுண்ணாம்பு மிகுந்த உப்புத்தண்ணி ஊருக்கு எழுதின சோப்பு அளவை இங்க போட்டா அது பொங்கத்தான் செய்யும். பாக்கெட்ல இருக்குற அளவுல பாதியிலேர்ந்து தொடங்குங்க. டாப் லோட் சோப்பைத் தப்பித் தவறியும் ஊத்தாதீங்க, அதுல நுரை அடக்குற மருந்து போதாது. ஓடும்போது நுரை கண்ணாடியில கால்வாசிக்கு மேல ஏறக்கூடாது.

பழைய சோப்பு தங்கியிருக்கான்னு பார்க்க ஒரு வழி: துணியும் வேண்டாம், சோப்பும் வேண்டாம், 40 டிகிரியில காலி மெஷினை ஓட்டுங்க. 10 நிமிஷத்துல நுரை தெரிஞ்சா, இத்தனை நாள் துணியும் வெளித்தொட்டியும் (டிரம்மைச் சுத்தி இருக்குற தண்ணித் தொட்டி) அலசப்படவே இல்லன்னு அர்த்தம். நுரை போற வரைக்கும் ரின்ஸ் (அலசல்) ஓட்டுங்க. அதிக நுரை ஸ்பின்னையும் கெடுக்கும். டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவுல நுரை அடைச்சுக்கிட்டு பிரேக் மாதிரி பிடிக்கும், பம்ப் தண்ணிக்குப் பதிலா காத்தை இழுக்கும், மெஷின் ஸ்பின்னைப் பாதியில விட்டுடும்.

காலர், தலையணை உறைக்கு ஒரு சின்னக் கணக்கு. தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிடும். அதனால குழாய்த் தண்ணியிலயும் நல்ல சோப்புக்கு மசியும். நெய், பாம் ஆயில் அப்படி இல்ல, அதுக்கு 40 டிகிரி வேணும். சமையல்கட்டுத் துணிகளைத் தனியா 40ல போடுங்க.

செந்தூல் ஸ்பேனர்

அக்கா சொன்னது சரி. இப்ப துடுப்புக்கு வர்றேன். டிரம் சுவர்ல மூணு பிளாஸ்டிக் மேடு இருக்கும், பார்ட்ஸ் கடையில லிஃப்டர்னு கேட்டாதான் புரியும். துணியை மேல தூக்குறது அதுதான். உயரம் 5, 6 செ.மீ. இருந்தா கனமான ஜீன்ஸும் ஏறும். குட்டையா இருந்தா, முக்கியமா குறைச்ச துணியில, எல்லாம் சறுக்கிடும். அடியில ஓட்டை வச்ச துடுப்பு நல்லது. கீழ போகும்போது தண்ணியை மொண்டு, மேல வரும்போது துணி மேல ஊத்தும்.

மூணுல ஒண்ணு உடைஞ்சாலும் மெஷின் ஓடும், எர்ரர் கோடு வராது. அதனால யாரும் கவனிக்கிறதில்ல. அடையாளம்: பள்ளிக்கூடக் காலுறையில மண் தங்கும், ஒரு சுத்துக்கு ஒரு தடவை "டக்"னு சத்தம் வரும், கையால ஆட்டினா துடுப்பு ஆடும். உள்கூடா இருக்குறதால முடி, பஞ்சு எல்லாம் உள்ள சேர்ந்து நாறும்.

கழட்டுற முறை மாடலுக்கு மாடல் மாறும். அதிகமா பார்க்குறது இது: பிளக்கைப் பிடுங்கு. துடுப்பை அடிப்பக்கம் கொண்டு வா. துடுப்பு மேல ஒரு ஓட்டை மட்டும் தனியா இருக்கும், அதுல மெல்லிய கம்பியை விட்டு உள்ள இருக்குற பூட்டை அழுத்து. அழுத்தினபடியே துடுப்பை கதவுப்பக்கமோ பின்பக்கமோ 1, 2 செ.மீ. தள்ளு, விட்டுடும். தள்ளியும் அசையலன்னா சுத்தியல் எடுக்காதீங்க. வெளிப்பக்கத்துலேர்ந்து திருகாணி போட்ட மாடலா இருக்கும். புதுசு மாட்டும்போது எல்லாக் கொக்கியும் உட்கார்ந்ததான்னு இழுத்துப் பாருங்க. ஸ்பின்ல ஒண்ணு கழண்டா டிரம் சுவரே வளைஞ்சிடும்.

பட்டர்வொர்த் பேரிங்

டிரம்மின் முதுகைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரம் ஸ்டெயின்லெஸ், ஆனால் அதைத் தண்டோடு பிணைக்கும் மூன்று கால் ஸ்பைடர் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. இரண்டு உலோகம், நடுவில் சோப்புத் தண்ணீர், குளோரின் பிளீச், சலவைச் சோடா என்றால் அலுமினியம்தான் தின்னப்படும். எப்போதும் குளிர்ந்த தண்ணீர், எப்போதும் மூடிய கதவு, நிறைய சாஃப்ட்னர் என்றிருக்கும் மெஷின்களில் ஸ்பைடர் காலின் குழிகளில் சாம்பல் நிறச் சகதி விரலளவு கட்டியிருக்கும். அதன் அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும்.

சோதனை எளிது. காலி டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். வெளித்தொட்டி அசையாமல் டிரம் மட்டும் ஆடினால் கோளாறு. பிறகு பின்மூடியைக் கழற்றி, ஒருவர் டிரம்மை ஆட்ட, இன்னொருவர் கப்பியை (தண்டின் பின்நுனியில் பெல்ட் ஓடும் சக்கரம்) பார்க்க வேண்டும். கப்பியும் சேர்ந்து ஆடினால் பேரிங். கப்பி நிலையாக நின்று டிரம் மட்டும் ஆடினால் ஸ்பைடர் கால் விரிந்துவிட்டது. பேரிங் போனதில் ஸ்பின்னில் விமானம் ஏறுகிற மாதிரி உறுமல் வரும். ஸ்பைடர் போனதில் தட்டுகிற சத்தம் வரும், கதவு ரப்பரில் டிரம் விளிம்பு உரசிய கருப்புக் கோடும் இருக்கும். ஸ்பைடர் உடைந்த மெஷினை ஒரு ஸ்பின்கூட ஓட்ட வேண்டாம்; வெளித்தொட்டியையும் ஹீட்டரையும் கிழித்துவிடும்.

பேரிங் மாற்றினால் அதற்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். சீல் விட்ட தண்ணீர்தான் பேரிங்கைத் தின்றது. பேரிங்கின் எண் அதன் மேலேயே குத்தியிருக்கும், அதைக் குறித்துக்கொண்டு பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜாலான் பாசார் தெருவுக்குப் போகலாம். சில மாடல்களில் வெளித்தொட்டி ஒட்டி மூடப்பட்டிருக்கும். அதில் தொட்டியோடுதான் வாங்க வேண்டும், வாங்குவதற்கு முன் இதைக் கேட்பவர் யாருமில்லை.

மாதம் ஒரு முறை காலி மெஷினை 60 அல்லது 90 டிகிரியில், ஒரு கரண்டி சோப்புத் தூள் மட்டும் போட்டு ஓட்டினால் சகதி கட்டாது. வினிகர் வேண்டாம், இங்கே கரைக்கும் அளவுக்குச் சுண்ணாம்பு இல்லை, ரப்பர்தான் கெடும்.

பிரிக்பீல்ட்ஸ் டோபி

ஸ்பின்னைப் பத்தி ஒண்ணு. காய வைக்க மட்டும்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு அலசலுக்கும் நடுவுல வர்ற ஸ்பின்தான் அழுக்குத் தண்ணியைத் துணியிலேர்ந்து பிழிஞ்சு எடுக்குது. அது சரியா நடக்கலன்னா அடுத்த அலசல் அழுக்குத் தண்ணியிலதான் ஆரம்பிக்கும். காட்டன்ல 1000 சுத்துக்கு ஈரம் 60 சதவீதம் பக்கம் தங்கும், 1400க்கு 50 பக்கம். கொண்டோ (அடுக்குமாடி வீடு) யார்டுல, அதாவது துணி துவைக்கிற பின்கட்டுல, தரை தண்ணி ஓட சரிவா போட்டிருப்பாங்க, மெஷின் கால் நாலும் உட்காரலன்னா பாதி ஸ்பின் போச்சு. ஸ்பிரிட் லெவல் வச்சு, மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்க.

கெப்போங் கொண்டோ

பாதி சோப்புல போட்டதுல காலர் தேவலை, நன்றி அக்கா. அடுத்த மாசம் ஒரு 9 கிலோ வாங்கணும். கடையில என்ன கேக்குறது?

செந்தூல் ஸ்பேனர்

டிரம் எத்தனை லிட்டர்னு கேளு. 9 கிலோன்னு எழுதி 63 லிட்டர்னா அது 8 கிலோ டிரம்தான். கிலோவுக்கு 8 லிட்டர் பக்கம் வரணும், அப்ப 72. மீட்டர் டேப் எடுத்துட்டுப் போய் வாயை அளக்காம உள் சுவர்லேர்ந்து சுவர் வரைக்கும் அள. துடுப்பைக் கையால ஆட்டிப் பாரு. டிரம்மைச் சுத்திவிட்டு ரப்பருக்கும் விளிம்புக்கும் இடைவெளி ஒரே அளவா இருக்கான்னு பாரு, அதுக்குள்ளதான் 5 சென் காசு விழும். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் இருக்குற டிரான்சிட் போல்ட்டை (வண்டியில வரும்போது டிரம் ஆடாம பிடிக்கிற திருகாணி) கழட்டச் சொல்லு, அதை எடுக்காம ஸ்பின் ஓட்டினா மெஷின் யார்டுலேர்ந்து அடுப்படிக்கு நடந்து வந்துடும்.